முப்பத்தோராம் குப்பி

வகுப்பில்லை, பரீட்சையில்லை என்றதும்
தம்பி சிரித்தான்: "அப்புறம் என்னா படிப்பு?"
அவனுக்கு பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்டு.
எனக்கு கெலுகோரில், மூன்றாம் மாடி ஆய்வகம்.
வீட்டுக்கு ஒரே சாவி.
வாசல் காலணி அடுக்கில்
ஒருவர் விட்டுப்போனதை ஒருவர் எடுத்துக்கொள்வோம்.

ஒரு செடி. லத்தீனில் மட்டும் பெயருள்ளது.
வனத்துறைக் கடிதத்தைக் காட்டிவிட்டு
அட்டைகளுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு
பினாங்கு மலைச் சரிவில் பறித்த இலை.
காய்ந்தபின் இரண்டே கால் கிலோ.
மெத்தனாலில் மூன்று நாள் ஊறவிட்டேன்,
வடித்தேன், மறுபடி ஊறவிட்டேன்.
குடுவை சுழன்று சுழன்று கரைப்பான் எல்லாம் போனபின்
அடியில் தங்கியது
தார்போல ஒரு பச்சை.

அதைப் பிரிப்பதுதான் படிப்பு.

என் கை நீளத்துக் கண்ணாடிக் குழல்,
நிறைய வெள்ளை சிலிக்கா.
முதலில் மஞ்சள் இறங்கும், பின்னால் பச்சை,
அப்புறம் கண்ணுக்குத் தெரியாதவை.
தெரியாதவற்றுக்காகத்தான் உட்கார்ந்திருப்பது.
பாதியில் நிறுத்தினால் பட்டைகள் குழம்பிவிடும்,
சாப்பிடப் போக முடியாது.
சியூ லிங் சுங்கை டுவாவில் ரொட்டி சானாய் வாங்கி
தாழ்வாரத்தில் வைத்து
கதவுக் கண்ணாடியைத் தட்டிவிட்டுப் போவாள்.
குழம்பு ஆறியபின் அதன்மேல் படியும் எண்ணெயிலும்
அடுக்குகள் தெரியும் எனக்கு.

எண்பத்து நான்கு குப்பிகள்.
முப்பத்தொன்றில்
புற ஊதா விளக்கின் கீழ்
ஒரே ஒரு கரும்புள்ளி.
வாலில்லை, நிழலில்லை.
கரைப்பானை மூன்று முறை மாற்றிப் பார்த்தேன்,
மூன்று முறையும் ஒற்றை.
பதினொரு மில்லிகிராம். நிறமில்லாத எண்ணெய்.
மனதுக்குள் அதற்கொரு பெயர் வைத்துவிட்டேன்,
பெண் பெயர்தான்.
இங்கே சொல்ல மாட்டேன்.

காந்த இயந்திரத்துக்கு வரிசை நீளம்.
நடுவில் திரவ ஹீலியம் தீர்ந்து
அது ஐந்து வாரம் விடுமுறை எடுத்துக்கொண்டது.
"சாபார்," என்றார் என்சிக் பஹாரி,
பொறுமையைக் கொஞ்சம் கூடக் கொண்டுவந்திருக்கலாம் நீ
என்கிற முகத்தோடு.

ஒரு வியாழக்கிழமை, மழையில் பாலம் காணாமல் போயிருந்தபோது
தாள் வந்தது.
ஏழு புள்ளி ஐந்திலும் ஏழு புள்ளி ஏழிலும்
கண்ணாடியில் பார்த்துக்கொள்ளும் இரட்டையர்.
அத்தனை அழகு.
அப்போதே உறுத்தியிருக்க வேண்டும்.
ஓர் இலை இவ்வளவு ஒழுங்காய் யோசிக்காதே.

நிறை பார்க்கும் கருவி ஒரே வரியில் முடித்துவிட்டது:
நூற்று நாற்பத்தொன்பது.
அந்த எண்ணைத் தெரியாதவர் எங்கள் மாடியில் இல்லை.

டாக்டர் ரொஹானா சிரிக்கவில்லை.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்:
"துர்கா, எந்தக் குழாய் பயன்படுத்தினாய்?"

பிளாஸ்டிக் வளைவதற்காகச் சேர்க்கும் எண்ணெய்.
குழாயிலிருந்து வந்ததோ,
குப்பி மூடியிலிருந்தோ,
இலையைக் கட்டிவந்த பையிலிருந்தோ.
எட்டு மாதம்
காட்டைக் காய்ச்சி நான் வடித்தது
மளிகைக் கடைப் பை.

காலை ஏழு மணிக்கு வாசலில் தம்பி.
ஷூ கழற்றிக்கொண்டே முழுவதும் கேட்டான்.
"சுத்தமா இருந்துச்சா?"
"இருந்துச்சு. அவ்வளவு சுத்தம்."
"அப்ப கை சரியாத்தான் இருக்கு. சரக்குதான் வேற."
கொட்டாவி விட்டுக்கொண்டே
சாவியை என் கையில் போட்டான்.

ஏட்டில் தேதியிட்டு நடந்ததை நடந்தபடி எழுதினேன்.
அடித்தல் இல்லாமல் எழுத இரண்டு தாள் கிழிக்கத் தோன்றியது,
பக்கங்களுக்கு எண் இருப்பதால் கிழிக்கவில்லை.
இன்னும் மூன்று பருவம் இருக்கிறது.
மிச்ச இலையை மெத்தனாலில் போட்டாயிற்று,
இம்முறை மூடிகூடக் கண்ணாடி.

முப்பத்தொன்றை எறியவில்லை.
குளிர்பெட்டியில், கதவோரம்.
இனி எந்தப் புள்ளி
ஒற்றையாய் நின்று என்னைப் பார்த்தாலும்
அதே தட்டில், பக்கத்தில், இதையும் ஒரு சொட்டு வைத்துவிட்டு
விளக்கைப் போட்டுக் கேட்பேன்:
இவளை உனக்குத் தெரியுமா?